உள்ளூர் மொழி

ஈசூனில் பதினோராம் மாடி. கீழே
கடைசிப் பேருந்து பெருமூச்சு விட்டுக் கதவைச் சாத்துகிறது.
காதில் கருவி மாட்டிக்கொண்டு
என் அப்பாவைவிட மூத்த ஒரு பிரிட்டிஷ் படத்துக்குத்
தமிழில் சப்டைட்டில் போடுகிறேன்.
வரிக்கு இரண்டு வெள்ளி நாற்பது காசு.

கதை மலாயாவில்.
ரப்பர் தோட்டம், துரை, துப்பாக்கி,
ஒரு பியானோ. அது எப்படி அந்தக் காட்டுக்குள் வந்தது என்று
யாரும் கேட்பதில்லை.

துரையின் மனைவிக்கு நாற்பத்தொரு வரி.
அதில் பத்தொன்பது
'ரூபர்ட்' என்ற ஒரே சொல்.
பயந்து ஒரு ரூபர்ட், கெஞ்சி ஒரு ரூபர்ட்,
கதவைச் சாத்திக்கொண்டு அவன் போனபின்
கதவிடம் ஒரு ரூபர்ட்.
எனக்கென்ன, நாற்பத்தைந்து வெள்ளி அறுபது காசு
என்று சிரித்துக்கொண்டேதான் தட்டினேன்.
பத்தாவது ரூபர்ட்டில் சிரிப்பு நின்றது.
அந்த நடிகைக்கு நடிக்கத் தெரிந்திருக்கிறது.
கொடுத்த ஒற்றைச் சொல்லில்
பத்தொன்பது பெண்களாகியிருக்கிறாள்.

மலாய் இளவரசியாக வருபவளுக்கு
மாநிறப் பூச்சு காதுக்குப் பின்னால் தீர்ந்துபோயிருக்கிறது.
அறுபத்திரண்டாம் நிமிடத்தில் சாகிறாள்,
அழகாக, ரூபர்ட்டுக்காக.

அறுபத்தெட்டாம் நிமிடம்.
உண்மையான தோட்டம், உண்மையான வெயில்.
தலைத்துண்டு கட்டிய இரண்டு பெண்கள்
வாளியோடு கேமராவைக் கடக்கிறார்கள்.
"என்ன சொல்கிறாள்?" ரூபர்ட் கேட்கிறான்.
மொழி தெரிந்தவன் சொல்கிறான்:
"பயப்படுகிறாள், ஐயா. காட்டுத் தெய்வத்துக்குக் கோபமாம்."

எனக்கு வந்த கோப்பில் அந்த இடத்தில்
'உள்ளூர் மொழி' என்று இருக்கிறது.
எழுத வேண்டாம் என்று ஒரு குறிப்பும்.

வயலினைத் தணித்தேன். ஒன்பது முறை கேட்டேன்.
பத்தாம் முறை நம் தமிழ் வந்தது,
தெளிவாக, கொஞ்சம் எரிச்சலாக:
"உச்சி வெயில்ல எவடி பால் வெட்டுவா?
வெறும் வாளிய வேற கனக்குற மாதிரி தூக்கணுமாம்."
மற்றவள் துண்டால் வாயை மூடிக்கொள்கிறாள்.
தோள் குலுங்குகிறது.
அழுகை என்று நினைத்து
கேமரா நெருங்கிப் போகிறது.

ஆங்கில வரிகளைப் பார்க்கும் நோர்ஹாயாத்திக்கு அனுப்பினேன்.
இரவு ஒன்றரைக்குப் பதில்: மூன்று சிரிப்பு முகம்.
அடுத்து, 'ஹுவீ லிங் ஒத்துக்கொள்ள மாட்டாள்.'

ஹுவீ லிங் ஒத்துக்கொள்ளவில்லை.
வசனப் பிரதியில் இல்லாததை நாம் சேர்க்கக் கூடாது என்றாள்.
படத்தில் இருக்கிறதே என்றேன்.
இரண்டு நாள் மின்னஞ்சல்.
மூன்றாம் நாள் அவளே அந்தக் காட்சியைப் போட்டுப் பார்த்துவிட்டு
'வாளி காலியா?' என்று மட்டும் எழுதினாள்.

பிராஸ் பாசாவில் திரையிட்டார்கள்.
சனிக்கிழமை மாலை, பாதி அரங்கு, கடுங்குளிர்.
அறுபத்தெட்டாம் நிமிடத்தில்
எழுத்து தோன்றுவதற்கு ஒரு நொடி முன்பே
மூன்றாம் வரிசையில் ஒரு பெண் சிரித்துவிட்டாள்.
வயலினைத் தணிக்காமலேயே கேட்டிருக்கிறது அவளுக்கு.
அப்புறம்தான் அரங்கு.
அத்தனை சிரிப்புக்கும் நடுவில் ரூபர்ட்
தொப்பியைக் கழற்றி
காட்டுத் தெய்வத்துக்கு மரியாதை செய்தான்.

கடைசியில் பெயர்கள் ஓடின, எழுபத்திரண்டு.
பெண்கள் நான்கு பேர்,
அதில் ஒருத்தி தலைமுடிக்கு, ஒருத்தி தையலுக்கு.
வாளிக்காரிகள் இல்லை.
அதை நான் எழுதிச் சேர்க்க முடியாது.
எனக்கும் தெரியாது.

திங்கள்கிழமை பில் அனுப்பினேன்,
அந்த இரண்டு வரியையும் சேர்த்தே.
நான்கு வெள்ளி எண்பது காசு
இன்னும் தனியாகக் கிடக்கிறது.