நானூற்று அறுபது வெள்ளி

சூலியா தெருவில் மாடியறை.
பதிவுக்காக ஃபேனை நிறுத்தினால்
சவரியின் வியர்வை கிட்டாரில் சொட்டும்.
"ப்ளூஸுக்கு உப்பு வேணும்டா" என்பான்,
முன்பணம் கேட்பதற்குச் சற்று முன்.

முப்பத்தோரு வருடம்
பேஸ் வாசித்தேன், நாடா சுற்றினேன்,
ஹோட்டல் முதலாளிகளிடம் பொய் சொன்னேன்:
பாடகருக்குக் காய்ச்சல்.
பாடகர் பட்டர்வொர்த் ஃபெர்ரியில்
யாரோ ஒருத்தியோடு மூன்றாம் முறையாக
இறங்காமல் போய்வந்துகொண்டிருப்பார்.

கணக்கு நோட்டில் அவன் பெயரில்
இன்னும் நானூற்று அறுபது வெள்ளி.
இனி வராது.

நேற்று பழைய நாடாவை ஓட்டினேன்.
இரண்டாம் சரணத்துக்கு முன் மூச்சிழுக்கிறான்.
தகரக் கூரையில் மழை விழுகிறது,
சரியாக அந்த இடைவெளியில்.

மறுவெளியீட்டுக்காரப் பையன் ஹெட்ஃபோனைக் கழற்றி,
"அங்கிள், இந்த இரைச்சலை எடுத்துடலாமா?"

வேண்டாம் தம்பி.
எங்கள் குழுவில்
நேரத்துக்கு வந்தது அது ஒன்றுதான்.