நான்காம் கேள்வி

வெளியே மைனஸ் இருபத்தாறு.
மேசையில் முப்பத்தொன்பது விடைத்தாள்கள்.
ஊமியோவில் ஜனவரி
மதியச் சாப்பாடு செரிப்பதற்குள் இருட்டிவிடும்.

பதினேழு வருடம் ரோந்து போனவனைக் கூப்பிட்டு
பல்கலைக்கழகம் ஒரு பாடம் நடத்தச் சொன்னது.
நாளைய போலீஸ்காரர்களுக்குத் தாங்குதிறன்.
கட்டாயப் பாடம். திங்கட்கிழமை காலை.

எங்கள் மொழியில் அது வீட்டுச் சொல்.
இந்தப் பால் எந்தத் தேதிவரை தாங்கும்,
நவம்பரில் ஆற்றின்மேல் உறைந்தது ஆளைத் தாங்குமா,
எல்லாவற்றுக்கும் அந்த ஒரே சொல்தான்.
முதல் வகுப்பில் இதைப் பெருமையாகச் சொன்னேன்.
பின்வரிசையில் ஒருவன் கை தூக்கினான்:
"இது பரீட்சைக்கு வருமா?"

வந்தது.
இரண்டாம் கேள்வியில்
காட்டோடையில் யாரோ பேட்டரி அமிலம் கொட்டியிருக்கிறார்கள்,
முதல் தகவல் படிவத்தை நிரப்ப வேண்டும்.
'பாதிக்கப்பட்டவர் பெயர்' என்ற கட்டத்தை
ரூபென் காலியாக விட்டிருக்கிறான்.
ஒருத்தி 'ஓடை' என்று எழுதி
அடித்துவிட்டு
'நகராட்சி' என்று எழுதியிருக்கிறாள்.
அடித்ததற்கு அரை மதிப்பெண் போட்டேன்.
விதியில் அப்படி எதுவும் இல்லை.

நான்காவது நானே யோசித்து எழுதிய கேள்வி:
"ரோந்து வண்டி சாலையோரம் நிற்கிறது.
இழுவை வண்டி வர நாற்பது நிமிடம் ஆகும்.
எஞ்சினை அணைப்பீர்களா? காரணம் தருக."

ஒஸ்ஸியான் கணக்குப் போட்டிருந்தான்,
ஒரு வண்டி, ஓர் இரவு, ஒரு மாவட்டம், ஒரு குளிர்காலம்,
புள்ளிக்குப் பின் மூன்று இலக்கம் வரை.
இன்னொருவன் சட்டப் பிரிவை எண்ணோடு தந்திருந்தான், எண் தப்பு.
"மேலதிகாரியைக் கேட்பேன்" என்றும் ஒரு தாள்.
பொய் சொல்லாத பிள்ளை.

யில்வாவின் தாளில் மூன்றே வரி,
மீதி வெள்ளை:
"பின் இருக்கையில் யாராவது இருக்கிறார்களா?
கேள்வி அதைச் சொல்லவில்லை.
பார்க்காமல் சாவியைத் தொடமாட்டேன்."

விடைக்குறிப்பில் நான் எழுதி வைத்தது: அணைக்க வேண்டும். ஆறு மதிப்பெண்.
சிவப்புப் பேனாவின் மூடியைக் கழற்றினேன்.
மாட்டினேன்.

ஷெலெஃப்தியோ சாலை. எந்த வருடம் என்று நினைவில்லை.
அவர் பெயர் ஹில்டிங்.
குடித்திருந்தார், ஒரு காலில் மட்டும் செருப்பு,
நனைந்த காலுறை விறைத்துப் பலகையாகியிருந்தது.
என் மேலங்கியைப் போர்த்திப் பின்னால் உட்காரவைத்து
இரண்டு மணி நேரம் எஞ்சினை ஓடவிட்டேன்.
யாரைத் திட்டுகிறோம் என்று தெரியாமலே
எல்லாரையும் திட்டிக்கொண்டிருந்தார்.
விடியும்போது விரல்கள் சிவந்தன, பத்தும்.
எரிபொருள் பதிவேட்டில் 'இதர செலவு' என்று எழுதினேன்.

கேள்வி எழுதும்போது
அவரை வண்டியிலிருந்து இறக்கிவிட்டிருக்கிறேன்.
கேள்வி சுத்தமாக இருக்க வேண்டும் என்று
அந்தக் குளிரில்.

கீழே முற்றத்தில் ஒரு சத்தம்
மாலையிலிருந்தே கேட்டுக்கொண்டிருந்தது.
பயிற்சி வண்டி. யாரோ அணைக்க மறந்து போய்விட்டார்கள்.
புகை நேராக எழுந்து விளக்குக் கம்பத்தின் உயரத்தில் நின்றது.
மூக்கினுள் மயிர் உறைய நடந்து போய்
முதலில் பின்கதவைத் திறந்தேன்.
ஒரு கையுறை, வாழைப்பழத் தோல்.
குனிந்து இருக்கைக்கு அடியிலும் பார்த்தேன்,
எதற்கென்று கேட்காதீர்கள்.

பிறகு சாவியைத் திருப்பினேன்.
ஆற்றுப் பக்கம் பனிக்கட்டி ஒரு முறை முறுகியது.

மேலே வந்து கை சூடேற நேரமாயிற்று.
அவள் தாள் இன்னும் அப்படியே கிடக்கிறது.
நான்காம் கேள்வியில்
'பின் இருக்கையில்' என்று தொடங்கி ஒரு வரி சேர்த்தேன்,
அதற்கு மேல் எழுத வரவில்லை.