களிம்பு

மஹேபூரில் என் ஜன்னலுக்கும் கடலுக்கும்
இருநூறு அடிதான்.
ஸ்பீக்கருக்குப் பின்னால் குனிந்து பார்த்தேன்:
முறுக்கிச் செருகிய வெறுங்கம்பி
பச்சை பூத்துக் கிடக்கிறது.
செம்புக்குக் களிம்பு உடன்பிறந்தது என்று
தைப்பூசத்தன்று கோயிலில் ஒருவர் பேசினார்.
அவர் உயிரைச் சொன்னார்.
எனக்கு இந்த வயர் ஞாபகம் வந்தது.

ஆறு மாதமாக இடப்பக்கம் இருமுகிறது.
தட்டினால் பாடும்.
தட்டித் தட்டியே கை பழகிவிட்டது.

ரோஸ்ஹில்லில், ஆர்கேட் கோடியில் தெசிரேயின் கடை.
கண்ணாடிமேல் ஒவ்வொன்றாக எடுத்து வைத்தான்.
கவட்டைபோல் பிளந்த ஸ்பேட்,
குண்டூசிக்கு அண்ணன் மாதிரி ஒரு பின்,
வாழைப்பழம் என்று பெயர்வைத்தும்
எந்தப் பக்கமும் வாழைப்பழமாக இல்லாத ஒன்று.
"இருபத்துநாலு காரட் முலாம், மதாம்.
வித்தியாசம் காதுக்கே தெரியும்."
என் காதில் கிடந்தது
மார்ச்சிலேயே ஃப்ரிட்ஜாக மாறிவிட்டது.
போகட்டும், ஸ்பீக்கராவது போட்டுக்கொள்ளட்டும்.

ஸ்பேட் என்றால் திருகி முடுக்க வேண்டும்;
அலமாரிக்குப் பின்னால் என் கை நுழையாது.
பழமே கொடு என்றேன்.
நாலு போதும் என்று எண்ணிப் போயிருந்தேன்.
வயருக்கு மறுமுனையும் உண்டு என்பதை
அவன்தான் சொன்னான்.
எட்டு.
திருகை இறுக்கினால் உப்பு ஏறாதாம்.
பார்க்கலாம்.

பச்சை தீரும்வரை வெட்டிக்கொண்டே போனேன்.
ஒரு சாண் போயிற்று.
அப்புறம்தான் உள்ளே
விளக்கிய குடம் மாதிரி செம்பு.
வயர் எட்டவில்லை. ஸ்பீக்கரை இழுத்து வைத்தேன்.
இனி சமையலறைக் கதவு பாதிதான் திறக்கும்.

போட்டேன்.
இருமல் இல்லை. மிருதங்கத்துக்கு வயிறும் இல்லை.
பாடுகிறவள் சுவரெங்கும் பரவியிருக்கிறாள்,
ஓரிடத்திலும் இல்லை.
எட்டு முனைத் தங்கம்,
ஆள் எங்கே?

டார்ச் அடித்தேன்.
வலப்பக்கம் சிவப்பில் கறுப்பு, கறுப்பில் சிவப்பு.
சரியாக அழுத்தியிருந்தேன்,
தப்பாகச் செருகியதை.

பிடுங்கி மாற்றினேன்.
வாழைப்பழத்தில் ஊசி ஏற்றியதுபோல்
சத்தமில்லாமல் போய் உட்கார்ந்தது.

வந்தாள்.
இரண்டுக்கும் நடுவே,
சுப்பராயன் தூக்கிப்போன டிவியின்
தூசிச் சதுரத்துக்கு மேலே
நேராக நின்றாள்.

இடப்பக்கத்தை ஒரு தட்டுத் தட்டினேன்,
பழக்க தோஷம்.

அவள் பாட்டுக்குப் பாடிக்கொண்டிருந்தாள்.