சுரங்கத்துக்கு முன்

சீஸாக்கில் ஐந்து ஐம்பதுக்கு
நான் வண்டி ஏறும்போது
எட்மன்டனில் சுகிர்தாவுக்கு
இன்னும் நேற்றுத்தான்.
இரவுச் சாப்பாட்டுக் கோப்பை கழுவுகிறாள்.
எனக்குப் பைப்புச் சத்தம் கேட்கிறது,
அவளுக்குக் கதவு மூடும் மணி.

"ஏறிட்டியா?"
"ஓம்."
"சீட் கிடைச்சுதா?"
சின்ன வண்டி.
நானும், ஒரு சைக்கிளும்,
சைக்கிளைப் பிடித்தபடி ஒருவனின் நித்திரையும்.
கிடைக்காமல் என்ன.

வீடியோ வேண்டாம் என்பாள்.
முகம் பார்த்தால் கதை வராதாம்.
இந்த ஊரை அவள் கண்டதே இல்லை,
ஆனாலும் பாதை முழுக்க மனப்பாடம்.
அறிவிப்புக் குரல் ரும்லிங்கன் என்றதும்
"பாலம் வருது" என்பாள்.
புக்டன் என்றதும்
"அந்த மனுசி ஏறிட்டாவா, நாயோட?"
லாய்ஃபெல்ஃபிங்கன் அவள் வாயில் நுழையவில்லை.
லைலா பங்களா ஆக்கிவிட்டாள்.
பெயர்ப் பலகையைப் பார்க்கும்போதெல்லாம்
யார் அந்த லைலா என்று
எனக்கே இப்போது யோசனை.

லைலா பங்களா தாண்டினால் சுரங்கம்.
ரயில் என்ற சொல்லே புதிதாயிருந்த காலத்தில்
மலையைக் குடைந்தது.
சிக்னல் உள்ளே வராது.
மூன்று நிமிடம்
ஃபோன் வெறும் கண்ணாடி,
அதில் என் மூக்கு.

வெள்ளவத்தை லொட்ஜில்
பதினொரு மாதம் எங்களுக்கு ஒரே கட்டில்.
விசா முதலில் வந்தது எனக்கு.
என் தலையணையை அவளிடம் விட்டுவிட்டு வந்தேன்.
இரண்டு தலையணையோடு
அன்றிரவு நித்திரை வரவில்லை என்று
அவள் சொன்னது இருபது வருடம் கழித்து,
அதுவும் எழுத்தில்,
கூடவே ஒரு சிரிக்கும் மஞ்சள் முகம்.

அதனால் நான் முதலிலேயே கவனித்திருக்க வேண்டும்.

எண்ணெய் விலை, பனி, மகனின் ஹொக்கி,
டின்னில் முருங்கைக்காய் வாங்கி ஏமாந்த கதை,
எல்லாம் புக்டன் வரைக்கும்.
லைலா பங்களாவில் கதவு மூடியதும்
குரல் கொஞ்சம் இறங்கும்.
"அவர் இப்ப பேஸ்மென்டிலதான் படுக்கிறார், நளா..."
சுரங்கம்.
இன்னொரு நாள், வேலை போய்விட்டது.
சுரங்கம்.
போன கிழமை ஏதோ ஸ்கேன் என்று தொடங்கினாள்,
எந்த இடத்தில் என்று கேட்பதற்குள் இருட்டு.

வெளியே வந்து எடுத்தால்
"அது ஒண்டுமில்லை, விடு.
உங்க விடிஞ்சிட்டுதா?"
நான் சொன்ன பதிலெல்லாம்
மலைக்குள்ளேயே கிடக்கிறது.

இன்று புக்டனில்
மனுசி ஏறினார், நாய் ஏறவில்லை.
கயிறு மட்டும் கையில் சுற்றியிருந்தது.
கேட்கும் அளவுக்கு ஜெர்மன் எனக்கு உண்டு.
கேட்கவில்லை.
ஜன்னலைப் பார்த்துக்கொண்டு வந்தேன்,
வெளியே ஒன்றும் தெரியாத ஜன்னல்.

"சுரங்கம் வந்திட்டுதா?"
"வரப்போகுது."
அவள் மூச்சு இழுத்தாள்.
பச்சைப் பொத்தானை அமத்தி
நான் இறங்கிவிட்டேன்.

என் சூடு ஆறாத இருக்கையோடு
வண்டி மலைக்குள் போனது.
பிளாட்பாரத்தில் நான், ஒரு விளக்கு,
உப்புத் தூவிய படிகள்.

"கட்டாகேல்லையே?"
"இல்லை."
"உள்ளுக்கும் இப்ப சிக்னல் இருக்கோ?"
"நான் உள்ளுக்கு இல்லையடி.
லைலா பங்களாவில நிக்கிறன்."

எட்மன்டனில் பைப்பு நின்றது.
அவள் வீட்டு ஃபிரிட்ஜ் உறுமும் என்பது
இத்தனை வருடத்தில்
இன்றுதான் எனக்குத் தெரியும்.

"வேலைக்குப் பிந்தப் போறாய்."
"ஓம்."
"அந்த கேரிக் மனுசி கத்துவா."
"சூப்பை அவவே கிண்டட்டும்."
சிரித்தாள், பாதியில் விட்டாள்.
"அடுத்த வண்டி எப்ப?"
"ஒரு மணித்தியாலம்."

பேட்டரி நாற்பத்தொன்று.
கையுறையைக் கழற்றி
ஃபோனைக் காதோடு வைத்தேன்.
அங்கே, நேற்றைய இரவில்,
ஒரு கதிரையை இழுக்கும் சத்தம்.