முப்பத்திமூன்றாவது

கடியுங்கள் என்றேன், வாய்ப்பழக்கம்.
எதை வைத்து என்று சிரித்தார் ஒத்தீலியா சிகுவாய்.
பல்செட்டு ஏற்கெனவே கைக்குட்டையில் இருந்தது.
கடிகட்டையை உருவிவிட்டு மோவாய்த் தாங்கியை மாட்டினேன்.
எக்ஸ்ரே இயந்திரம் அவர் தலையைச் சுற்றி வந்தது,
பதினான்கு நொடி,
பூட்டிய வீட்டைச் சுற்றிப் பார்க்கிறவன்போல.

புந்தா அரேனாஸில் காற்றில்லாத நாள்
வருடத்துக்கு நாலோ ஐந்தோ.
இது அதில் ஒன்றல்ல. ஜன்னல் அடித்துக்கொண்டே இருந்தது.

பத்தொன்பது வயதில்,
நண்டு ஆலையில் சேர்வதற்கு முந்தின வாரம்,
சொத்தை, சொத்தையில்லாதது, எல்லாவற்றையும்
ஒரே மதியத்தில் பிடுங்கிக்கொண்டாராம்.
வேலை நடுவே பல்வலி வந்தால் கூலி போய்விடும்.
அம்மாதான் கூட்டிப்போனாள்,
ரத்தத்துக்கென்று ஒரு சாம்பல் துண்டோடு.
அன்றிலிருந்து நாற்பத்திரண்டு வருடம்
ராஜநண்டின் காலை உடைத்துச் சதை உருவுகிறார்,
ஒரு காலுக்கு மூன்று நொடி.
ஓட்டுக்குள் என்ன இருக்கும் என்று
அவருக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம்.

கீழ்செட்டு ஆடுகிறது, புதுசு வேண்டும்,
வந்தது அவ்வளவுக்குத்தான்.

படத்தில், இடது தாடையில்,
பிளம் பழ அளவுக்கு ஓர் இருட்டு.
ஓரத்தில் பென்சிலால் கீறியதுபோல் வெள்ளை.
உள்ளே ஒருக்களித்தபடி
ஒரு பல்.

மிகைப்பல் என்றார் டாக்டர், ஜாடையை வைத்து.
குட்டை, கூம்பு.
கணக்கில் பிறந்த பல்லுக்கு இந்த முகம் வராது.
அந்த மதியம் குறடு வரிசையாக வந்தபோது
இது மட்டும் மூச்சுக் காட்டவில்லை.
பட்டியலில் பெயர் இல்லாததால் பிழைத்தது.
பிழைத்தது என்றால்,
கதவில்லாத அறையில் இருந்துகொண்டு
தன்னைச் சுற்றி நீர் சேர்த்தது, சொட்டுச் சொட்டாக.
நீருக்கு இடம் போதாமல்
எலும்பைத் தின்றது.
பல்லுக்கு வேறென்ன தெரியும்?

புற்றா என்று கேட்டார்.
பெரும்பாலும் இல்லை, நீர்க்கட்டி,
தோலை சோதனைக்கு அனுப்பினால் உறுதியாகும் என்றார் டாக்டர்.
அந்தப் ‘பெரும்பாலும்’ மேல் கொஞ்ச நேரம்
யாரும் எதுவும் பேசவில்லை.

எங்களுடையது சின்ன ஆஸ்பத்திரி.
படம் எடுத்த நானேதான்
வியாழக்கிழமை உறிஞ்சுகுழாயும் பிடித்தேன்.
வைக்கோல் நிற நீர் குழாயில் ஏறியது,
மீன்செதில்போல மினுமினுத்துக்கொண்டு.
பிறகு பை, கிழியாமல், ஈர பலூன்போல.
பிறகு அது.
தட்டில் விழுந்த சத்தம் சோளம் விழுந்த சத்தம்.

மரத்த உதட்டோடு ‘கா’ட்டு என்பதை ‘ஹா’ட்டு என்றார்.
காட்டினேன். கழுவித்தான் காட்டினேன்.
எனக்குத் தருவீர்களா?
இல்லை, பையோடு இதுவும் போகணும், சாந்தியாகோவுக்கு.
எப்போது?
பெட்டி நாலு மணிக்கு.

மதியத்துக்கென்று கொண்டுவந்த ரொட்டி
கைப்பையில் இருந்தது. இரண்டு மணி நேரம்
எதையும் தின்னக்கூடாது என்று சொல்ல வாயெடுத்தேன்.
அவர் தின்னவில்லை.
பல்லை இரு விரலில் பிடித்து,
நண்டின் கணுவைத் தேடுகிற அதே விரல்கள்,
ரொட்டியின் ஓரத்தில் அழுத்தினார்,
மெதுவாக, பிறகு ஒருமுறை நன்றாகவே.

ஒரு சின்ன பள்ளம்.

இப்போ அனுப்பு என்றார்.

டாக்டர் கை கழுவப் போயிருந்தார்.
படிவத்தில் ‘குறிப்பு’ என்ற கட்டத்தை
நான் காலியாகவே விட்டேன்.
சாந்தியாகோவில் யாரோ ஒருவர்
நுண்ணோக்கியில் கண்வைத்து
இந்த மாவுத்துகள் எந்தத் திசு என்று
குழம்பியிருக்கலாம்.
முடிவு வர ஐந்து வாரம் ஆகும்.
ரொட்டியை அவர் எடுத்துக்கொண்டு போனார்.