204, வெந்நீர் நாலு வாளி

காந்தி ரோட்டிலிருந்து உள்ளே திரும்பும் சந்தில்
மூன்று மாடி லாட்ஜ்.
இரவு கவுண்டர் என்னுடையது:
சாவிகள், பதிவேடு, ஆதார் நகல்கள்,
வாடகைக்கு விடும் இண்டக்‌ஷன் அடுப்பு ஒன்பது.

வங்காளி எனக்கு யாரும் சொல்லித்தரவில்லை.
எழுத்து, மருந்துக்கடை போர்டுகளில் கற்றது.
பேச்சு, கவுண்டருக்கு அந்தப் பக்கமிருந்து வந்தது.
பேதா என்றால் வலி.
முதல் வாரம் பேதி என்று நினைத்து
கழிவறையைக் காட்டியிருக்கிறேன்.
காலி பேட் என்றால்
நாளைக் காலை ரத்தம் கொடுக்க வேண்டும்.
கொரோம் ஜோல் ஆச்சே? என்பார்கள்,
வெந்நீர் இருக்கிறதா என்று.
ஆச்சே என்பேன்.
எந்த மொழியில் சொன்னேன் என்று
இன்றுவரை எனக்கே தெரியாது.

ஸ்கூட்டர் தவணை இரண்டாயிரத்து முந்நூற்று நாற்பது.
என் சம்பளத்துக்குள் அது எந்த மாதமும் உட்காரவில்லை.
ஒரு பின்னிரவில் கைப்பேசியில் கடை விரித்தேன்:
வங்காளியிலிருந்து தமிழ், பக்கம் ஐந்து டாலர்.
படம் தங்கை கல்யாணத்தில் எடுத்தது.
எவ்வளவு வெட்டியும் என் தோளில்
மாமாவின் விரல்கள் நான்கு மிச்சம்.
பெயர் ஜெயசீலன். ஊர் வேலூர். அனுபவம் ஏழு வருடம்.
அது பொய்யில்லை.
எதில் என்று யாரும் கேட்கவில்லை.

நாற்பத்தொரு நாள் ஈ ஓட்டினேன்.
அந்தக் கடைத்தெருவில் ஈயும் கிடையாது.

பிறகு துர்காபூரிலிருந்து ஒரு கல்யாணப் பத்திரிகை.
பெண் அந்த ஊர், மாப்பிள்ளை திருப்பூர்.
படித்தேன்.
ஏழு வருடம் சேர்த்த சொற்களில்
ஒன்றுகூட அதில் இல்லை.
வலி இல்லை. ரிப்போர்ட் இல்லை.
எத்தனை நாள் ஆகும் என்பதும் இல்லை.
காயே ஹொலுத் என்று ஒரு வரி,
வியாழக்கிழமை, காலை ஒன்பது மணி.
ஹொலுத் மஞ்சள், தெரியும்;
சமையலுக்குக் கேட்டு வாங்குவார்கள்.
காயே?
காயத்துக்கு மஞ்சள் என்று எழுதினேன்.
எழுதிவிட்டு
கல்யாண வீட்டில் யாருக்கு அடிபட்டது என்று யோசித்தேன்.

மூன்றரை மணிக்கு 204 ஷெஃபாலி இறங்கி வந்தாள்.
கணவன் நிர்மலுக்கு மூன்றாவது கீமோ.
வாளியை கீசர் குழாயடியில் வைத்துத் திறந்துவிட்டாள்.
கைப்பேசியைக் காட்டினேன்.
பார்த்தாள். பிறகு
இரண்டு உள்ளங்கையாலும் தன் கன்னத்தில் தேய்த்தாள்,
முழங்கையில், புறங்காலில்,
இல்லாத மஞ்சளை.
காயே என்றால் உடம்பில்.
நலங்கு என்றேன்.
நோலோங்கு என்றாள், சிரித்தாள்.
பதினெட்டு நாளில் அந்த முகத்தில்
பல் இருந்ததே எனக்குத் தெரியாது.
அவள் கல்யாணத்தன்று மழையாம்,
மஞ்சள் ரவிக்கை வரைக்கும் ஓடியதாம்.
மீதிக் கதையில் பாதி புரியவில்லை.
அந்தச் சொற்களை இந்தக் கவுண்டரில்
யாரும் என்னிடம் கேட்டதில்லை.
வாளி நிரம்பி, வழிந்து,
என் செருப்பு வரைக்கும் வந்தது.

அனுப்பினேன். ஐந்து நட்சத்திரம்.
பணிவானவர், வேகமானவர் என்று ஒரு வரி.
ஐந்தில் ஒன்று கடைவீதிக்காரனுக்கு.
மிச்சம் பதினாலு நாள் கழித்து இறங்கும்,
வங்கி தன் பங்கைக் கிள்ளிய பிறகு.
பாதி உங்களுக்கு என்று சொல்ல
வாக்கியம் கட்டிப் பழகி வைத்திருந்தேன்.

பன்னிரண்டாம் நாள் அறையைக் காலி செய்தார்கள்.
காட்பாடியில் இரவு ரயில்.
நிர்மல் ஆட்டோவில் ஏறும்வரை
தலையணையை நான் பிடித்துக்கொண்டேன்.
ரிப்போர்ட் எப்படி என்று
எனக்குப் பிழையில்லாமல் கேட்க வரும்.
கேட்கவில்லை.

பில்லில் வாடகை, கரண்ட், அடுப்பு.
கடைசி வாரத்து வெந்நீர், நாலு வாளி, அறுபது ரூபாய்:
அந்த வரியை மட்டும் அடித்தேன்.
முதலாளி கேட்டால்
குழாய் ஒழுகுகிறது என்பேன்.
சொல்லப்போனால் அன்று ஒழுகத்தான் செய்தது.