இரண்டாம் முறை

கடலில் கோடு கிடையாது என்பான் இன்னாசி.
ஜிபிஎஸ் பெட்டி கத்தும், அவ்வளவுதான்.
நண்டுவலையை நீரோட்டம் இழுத்துப்போனது.
வலை போனால் வட்டிக்காரனுக்கு என்ன சொல்ல?
பின்னாலேயே போனான்.
முதல் தடவை என்பதால்
நாற்பது நாள் வைத்திருந்து
பேரெழுதி ரேகை எடுத்து அனுப்பினார்கள்.
அடுத்த தரம் வந்தால் ஜெயில் என்று
தமிழிலேயே சொன்னார்களாம்.

அந்த நாற்பது நாளில்தான்
எனக்கு மூன்றாம் மாதம் கலைந்தது.
பாசி எடுக்கப் போனவள்
இடுப்பளவுத் தண்ணீரில் நின்றேன்.
கடல் எது, நான் எது என்று தெரியவில்லை.
தங்கச்சிமடத்து டாக்டர் சுத்தம்செய்து
சாயங்காலமே அனுப்பிவிட்டார்.
என்ன ரத்தம் என்று யாரும் கேட்கவில்லை.
கேட்டிருந்தாலும் எனக்குத் தெரியாது.

இப்போது அட்டையில் சிவப்பு மையில் ஓ,
பக்கத்தில் ஒரு சின்னக் கழித்தல் குறி.
"என்னடி குறையுது உனக்கு?" என்றார் மாமியார்,
சீர்வரிசை எண்ணிய அதே குரலில்.
நர்ஸ் ஜரினா அவரை ஓரமாக உட்காரவைத்தாள்.
"குறை இல்லம்மா.
உங்க மகன் ரத்தத்துல இருக்கிற ஒண்ணு
இவ ரத்தத்துல இல்ல.
பிள்ளை அப்பனைக் கொண்டிருந்தா
இவ உடம்புக்கு அது அந்நியம்."

அந்தச் சொல்லில் எனக்கு விளங்கிவிட்டது.
இன்னாசியின் கையைப் பிடித்துச் சொன்னேன்:
ஒரு சொட்டு எல்லை தாண்டி வரும்.
முதல் தடவை உடம்பு பேரெழுதி விட்டுவிடும்.
இரண்டாம் தடவை வருவதைப் பிடிக்கும்.
அவன் உள்ளங்கை வேர்த்தது.
பதிவேட்டில் ஏறிய பேர் அவனுடையது.

கலைந்த அன்றைக்கே ஒரு ஊசி போட்டிருந்தால்
எழுதும்முன் அழித்திருக்கலாமாம்.
எழுபத்திரண்டு மணி நேரம் அவகாசமாம்.
போய் ஒன்றரை வருஷம் ஆகிறது.

சோதனைக்கு ரத்தம் ராமநாதபுரம் போனது.
மூன்று நாளும் காற்று,
படகுகளுக்கு டோக்கன் இல்லை.
அவன் கிழியாத கண்ணியையும் தைத்துக்கொண்டிருந்தான்.
நான் சுவரைப் பார்த்துப் படுத்து
என் ரத்தத்திடம் கேட்டேன்:
உனக்கு அந்த முகம் ஞாபகமிருக்கிறதா?
ஆணா பெண்ணா என்றுகூடத் தெரியாத முகம்.
மறந்திருக்க வேண்டும், மாதாவே,
இவள் மறந்திருக்க வேண்டும்.
பெற்றவள் கேட்கிற வரமா இது?

நான்காம் நாள் போன் வந்தது.
"நெகட்டிவ்."
மாமியார் மாரில் அடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.
"ஐயோ, இது நல்ல நெகட்டிவ்!" என்று
போனுக்குள்ளிருந்து ஜரினா கத்தினாள்.
எல்லோரும் சிரித்தார்கள்.
நான் சிரித்துவிட்டு
கொல்லைப்பக்கம் போய் அழுதேன்.
மறந்தேவிட்டாளே.

ஏழாம் மாதம் ஊசி.
நண்டு விற்ற காசும் என் பாசிக் காசும் சேர்த்து
இன்னாசி மருந்து வாங்கக் கிளம்பினான்
மீன்பெட்டியில் ஐஸோடு.
"நேரா ஐஸ்மேல வைக்காதீங்க, உறைஞ்சா வீணாப்போயிரும்."
இறாலை ஐஸ் சுடாமல் கரைசேர்க்கிறவனிடம்
இதைச் சொன்னாள் ஜரினா.
துண்டில் சுற்றி மடியில் வைத்து வந்தான்.
பாம்பன் பாலத்தில் பஸ் அரைமணி நின்றதாம்,
யாரோ வண்டியை நிறுத்திப் படமெடுக்க.
மூடியை அவன் திறக்கவே இல்லை.

அவசரத்துக்கு ரத்தம் தர
ஏர்வாடி ஐஸ் லாரி டிரைவர் செய்யது காசிமின் நம்பரை
காலண்டரில் எழுதிவைத்திருந்தோம்.
"இந்தக் கரையில நம்ம குரூப்பு கம்மிம்மா,
அந்த வாரம் தூர லோடு எடுக்கமாட்டேன்" என்றார்.
எடுக்கவில்லை. தேவைப்படவும் இல்லை.
ஆஸ்பத்திரி வாசலில் டீ குடித்துவிட்டுப் போனார்.

பெண்.
கொடியில் எடுத்த ரத்தம் பி பாசிட்டிவ்,
காது மடல்கூட இன்னாசி.
பொழுது விடியும்முன்
இடுப்பில் இன்னொரு ஊசி.

பதிவு எழுதுகிறவள் கேட்டாள்:
"இது எத்தனாவது?"
"தலைச்சன்" என்று முந்திக்கொண்டார் மாமியார்.
"ரெண்டாவது" என்றேன்.
அவள் பேனாவை நிறுத்தி என்னைப் பார்த்தாள்.
"ரெண்டாவது. எழுதிக்கங்க."